ஐந்து பொம்மைக்குப் பத்துக் கை

வலது கை பொம்மைக் காரின் முன்பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்தது. இடது கை பின்சக்கரங்களை மடக்கியது. உள்ளேயிருந்து ஒரு தலை எழும்பியது. கதவுகள் இரண்டும் விரிந்து தோள்களாயின. சொடுக்கென்று ஒரு சத்தம். கார் மனிதனாகி நின்றது. அமிர்தத்தின் அதே கைகள் அதைத் திரும்பக் காராக்கின. பிறகு சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டன. அது முப்பத்தேழாவது கோடு.

அமிர்தம் தையல் மிஷின் பழுது பார்ப்பவள். குருவிநத்தத்திலிருந்து கிருமாம்பாக்கம் வரை டெய்லர்கள் மிஷின் தலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளிடம் வருவார்கள். அப்பாவுக்கும் அதே வேலைதான், ஆனால் அவர் ஒன்றும் சொல்லித் தந்தவரில்லை. அவர் போன பிறகு அவளாகவே இரண்டு மிஷினைக் கழற்றிக் கெடுத்தாள். மூன்றாவது ஓடியது. அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும். கழற்றிய ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொள்வாள். எண்ணெய்க் கையில் வைத்தால் நழுவி மிஷினுக்குள் விழுந்துவிடும். வேலை முடிந்ததும் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய், நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவாள். டெய்லர்கள் குண்டூசியைக் கவ்வுவதும் அப்படித்தான். அதில் ஆபத்து இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

பொம்மைப் பெட்டி பாகூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த வைத்தியலிங்கத்தினுடையது. 1987 தை மாதக் கடைசியில், மெட்ராஸ் வியாபாரி ஒருவன் மாதிரிக்கென்று ஒரு பெட்டியை விட்டுப் போயிருந்தான். கார், விமானம், டாங்கி, மண்வெட்டி வண்டி, ரயில் எஞ்சின் என்று ஐந்து. ஐந்தும் மடக்கி விரித்தால் மனிதர்கள். ஒவ்வொன்றின் இரண்டு தோளிலும் பொத்தானை அமுக்கினால் சிவப்புக் கை ஒவ்வொன்று ஸ்பிரிங்கில் பாயும். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஐந்து பொம்மைக்குப் பத்துக் கை. மாசி மகத்துக்கு ஐம்பது பெட்டி எடுக்கலாமா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நூறு தடவை மடக்கிப் பார், நூறு தாங்கினால் ஒரு திருவிழா தாங்கும் என்று சொல்லி வைத்தியலிங்கம் பெட்டியை அமிர்தத்திடம் தந்திருந்தார்.

வியாழக்கிழமை காலை காரும் டாங்கியும் நூறைத் தாண்டின. விமானத்துக்கு அறுபத்திரண்டில் இறக்கை ஆடியது. அமிர்தம் பத்துக் கைகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்துவிட்டு விமானத்தைத் திறந்தாள். உதட்டில் இரண்டு ஸ்க்ரூ. எதிரே மகள் மீனாட்சி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயது முடிந்து ஒரு மாதம்.

இறக்கைக்குள் இருந்த ஆணி தேய்ந்திருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு அமிர்தம் துணியைப் பார்த்தாள். ஒன்பது கைதான் இருந்தது.

குழந்தையைப் பார்த்தாள். மீனாட்சி உதட்டை இறுக்கி மூடியிருந்தாள், அம்மாவைப் போலவே. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, பெருமையோடு.

அமிர்தத்துக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுக்கும். பாய்ந்து பிடித்தாலும் அதேதான். அவள் உள்ளங்கையை மெதுவாகத் தன் வாயருகே கொண்டுபோனாள். முதல் ஸ்க்ரூவைத் தள்ளினாள். மீனாட்சி பார்த்தாள். இரண்டாவதைத் தள்ளினாள். குழந்தையும் தன் கையை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கை நீட்டியது.

எச்சிலோடு விழுந்தது ஒரு ஸ்க்ரூ. காணாமல் போனதே அமிர்தத்துக்குத் தெரியாத ஸ்க்ரூ. சிவப்புக் கை அதோடு வரவில்லை.

குழந்தை சிரித்தது. எதையோ விழுங்கியது. இரண்டு முறை இருமியது.

வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய் வாயைத் திறந்து பார்த்தாள். விரலை விடவில்லை, விட்டால் உள்ளே தள்ளிவிடும். வாயில் ஒன்றுமில்லை. துணியை உதறினாள், பாயைப் புரட்டினாள், விமானத்தின் தோளைத் திரும்பக் கழற்றினாள். எங்கும் இல்லை. கணவன் ஆதிமூலம் வீட்டில் இல்லை. கரும்பு லாரியோடு போனவன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வேலம்மாள் வந்தாள். கையில் வாழைப்பழம்.

"புள்ள நல்லாத்தாண்டி கீறா. இதக் குடு, வழுக்கிக்கினு பூடும்."

அமிர்தம் பழத்தைப் பிடுங்கினாள். "வேணாங்க்கா. எங்க சிக்கிக்கினு கீதுன்னே தெரில. மேல எதயும் தள்ளக் கூடாது."

"புள்ளையும் மிஷினும் ஒண்ணாடி உனுக்கு?"

நூல் சிக்கிய மிஷினில் சக்கரத்தைச் சுற்றினால் சிக்கு இன்னும் இறுகும் என்று அமிர்தத்துக்குத் தெரியும். வேறெதுவும் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. பாகூர் அரை மணி நடை. குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து, முதுகில் காதை வைத்தபடி நடந்தாள். மூச்சு வந்தது. போனது. வண்டி ஏதாவது எதிரே வந்து சத்தம் போட்டால் நின்றுவிடுவாள். மூச்சு மறுபடி கேட்ட பிறகுதான் அடுத்த அடி. வழியில் மீனாட்சி தோளிலேயே தூங்கிப்போனாள். அந்தத் தூக்கம் அமிர்தத்தை இன்னும் பயமுறுத்தியது. கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். குழந்தை அழுதது. அழுகை நல்லதாகப் பட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சின் இரண்டு பக்கமும் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். காற்று ஒரே மாதிரி போகிறது, வயிற்றுக்குத்தான் போயிருக்கும் என்றார். பிளாஸ்டிக் என்பதால் எக்ஸ்ரே படத்தில் தெரியாது. மலத்தில் வரும்; ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு உப்பினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே தூக்கி வர வேண்டும்.

அமிர்தம் கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டாள். பெட்டியைப் பரணில் ஏற்றினாள். அன்று இரண்டு முறை குழந்தையின் மலத்தை வலையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினாள். ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலை குழந்தை பாலைக் கக்கியது. ஒரு தடவைதான். அமிர்தம் செருப்பை மாட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். இன்னொரு தடவை கக்கினால் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள். வேலம்மாள் முட்டிபோட்டு வயிற்றைத் தடவிப் பார்த்து, உப்பவில்லை என்றாள்.

மதியம் குழந்தை தூங்கியபோது வேலம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அமிர்தம் பெட்டியை இறக்கினாள். சும்மா இருக்க முடியவில்லை. மண்வெட்டி வண்டியையும் எஞ்சினையும் மடக்கி விரித்தாள். ஸ்க்ரூக்களை மூடிபோட்ட டப்பாவில் போட்டாள். பழக்கத்தில் ஒரு ஸ்க்ரூ உதடு வரை போனது. வேலம்மாள் பார்த்தாள். அமிர்தம் அதைக் கீழே இறக்கினாள். கரிக்கோடுகளை இரண்டு முறை தப்பாக எண்ணி, இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினாள்.

சனிக்கிழமை காலை வலையில் சிவப்பாக ஒன்று தங்கியது.

அமிர்தம் கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உன் மவ பெத்துட்டாடி," என்றாள்.

அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

அமிர்தம் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி அந்தக் கையை விமானத்தின் தோளில் பொருத்திப் பார்த்தாள். அதேதான். பிறகு தேய்ந்துபோன மிஷின் ஊசியின் தண்டில் ஒரு துண்டை வெட்டி, முனையை அரத்தால் மழுக்கி, இறக்கைக்கு ஆணியாக வைத்தாள். நூறு தாங்கியது.

பதினோரு மணிக்கு மீனாட்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாகூர் கடையில் நின்றாள். குழந்தையின் முதுகில் ஒரு கை வைத்து இன்னமும் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியலிங்கம் எழுந்து வந்தார்.

"இன்னாமா, நூறு தாங்குச்சா?"

"தாங்கும்ணே. பிளேனுக்கு மட்டும் ஆணி சரியில்ல, மாத்திட்டேன். ஆனா கையோட விக்காதீங்க."

நடந்ததைச் சொன்னாள். வலையை, வாசலில் நின்ற ஒரு மணி நேரத்தை. அவர் குழந்தையைப் பார்த்தார். கை பாய்வதற்காகத்தான் பிள்ளைகள் இதைக் கேட்கும் என்று தயங்கினார்.

"மூணு நாளு நான் உக்காந்துகினு இருந்தமேரி ஐம்பது வூட்ல உக்காருவாங்கண்ணே. எல்லாருக்கும் வெளிய வராது."

வைத்தியலிங்கம் கல்லாமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "ஐம்பது பெட்டியிலயும் கையக் கழட்ட முடியுமா?"

"முடியும். தோள்ல ஓட்டைய அடைச்சித் தரணும். பெட்டிக்கு அரை மணி. நானே செய்றேன்."

அவர் கையை நீட்டினார். அமிர்தம் தீப்பெட்டி ஒன்றை முதலில் கொடுத்தாள். திறந்து உள்ளேயிருந்த சிவப்புக் கைகளை எண்ணச் சொன்னாள். பத்து என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு, ஐந்து பொம்மைகளும் கையில்லாமல் அடுக்கியிருந்த பெட்டியை அவரிடம் கொடுத்தாள்.