மல்கோவா என்று சொன்ன மூக்கு

கம்பைநல்லூர் பஸ்ஸில் ஏறி, "பெரியம்மா தோட்டத்துல எறக்கி வுடுங்க" என்றால் போதும். அங்கே பஸ் நிறுத்தம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் பஸ் நிற்கும். ஒருத்தியின் பெயருக்காக பஸ் நிற்கிறது என்றால் அது சும்மா வந்துவிடுமா?

பெரியம்மாள் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பத்து வயதில் ஊரான் தோட்டத்தில் மாங்கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். சுமந்துகொண்டே ஒட்டுக் கட்டுகிற ஆளின் கையைப் பார்த்தாள். கொட்டை போட்டு முளைத்த நாட்டுக் கன்றைச் சீவி, நல்ல ரக மரத்தின் குச்சியை அதில் பொருத்திக் கட்ட வேண்டும். வேர் நாட்டு மரத்துடையது, காய் நல்ல மரத்துடையது. இவ்வளவுதான் வித்தை. ஆனால் கத்தி ஒரு நூல் பிசகினாலும் குச்சி கருகிவிடும். அவள் கட்டினால் கருகாது.

கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே புருஷன் ஆண்டி விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அழுது முடித்துவிட்டு, இருந்த நகையை விற்று ஒரு துண்டு நிலம் பிடித்தாள். அந்தத் துண்டு நிலம்தான் பின்னால் ஆந்திராவுக்கும் கர்நாடகாவுக்கும் லாரி லாரியாகக் கன்று அனுப்பியது. படித்த ஆபீசர்கள் ஜீப்பை நிறுத்திவிட்டு அவள் கொட்டகையில் மோர் குடித்து, சந்தேகம் கேட்டுப் போனார்கள். உழைத்து மேலே வந்தவர்களுக்கு ஒரு திமிர் இருக்கும். இருக்கட்டுமே. அது யாரிடமும் இரவல் வாங்கியது இல்லை.

அவள் திமிருக்கெல்லாம் தலைநகரம் அவள் மூக்கு. மாவிலையைக் கசக்கினால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வாசம் உண்டு. நீலம் ஒரு மாதிரி, செந்தூரம் ஒரு மாதிரி, மல்கோவா இன்னொரு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு, எந்த இலையைக் கசக்கி நீட்டினாலும் ரகத்தைச் சொல்லிவிடுவாள். கன்று வாங்க வருகிறவர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே நாலு பேரைக் கூட்டி வருவார்கள்.

"படிச்சவங்க கண்ணாடி போட்டுப் பாக்கட்டும். எனக்கு இது போதும்" என்று மூக்கைத் தட்டிக் காட்டுவாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அவள் தோட்டத்து மல்கோவா தாய்மரம் ஒரு தளிர்கூட விடவில்லை. தளிர் இல்லாமல் குச்சி ஏது? மல்கோவா கேட்டு வந்தவர்களோ வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் நஞ்சப்பன் என்கிற தரகன், ஈரச் சாக்கில் சுற்றிய குச்சிக் கட்டோடு வந்தான்.

"அசல் மல்கோவாங்கக்கா. மோந்து பாத்துட்டு எடுங்க."

கொட்டகை நிறைய ஆள். முன்வரிசையில் அப்துல் சுபான் பாய் உட்கார்ந்திருந்தார். தர்மபுரியில் பாத்திரக்கடை வைத்து, கடையை மகனிடம் விட்டுவிட்டு, தீர்த்தமலைக்குப் போகிற வழியில் நிலம் வாங்கியவர். பெண்ணை வாணியம்பாடியில் கொடுத்திருந்தார். வருஷா வருஷம் சம்பந்தி வீட்டுக்குத் தன் தோட்டத்து மல்கோவா போக வேண்டும் என்பது அவர் ஆசை.

பெரியம்மாளுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். மூக்கு அடைத்துப்போய் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இலையைக் கசக்கினாள். கண்ணை மூடினாள். இழுத்தாள். ஒன்றும் இல்லை. கசக்கிய இலையும் கசக்கிய காகிதமும் அன்றைக்கு அவளுக்கு ஒன்றுதான்.

"எனக்குச் சளி. ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் இத்தனை கண்கள் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மல்கோவா. சந்தேகமே வேணாம்" என்றாள்.

சுபான் பாய் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கண்ணம்மாள் அந்தக் கட்டைப் பிரித்து ஒட்டுக் கட்ட உட்கார்ந்தாள். அவள் பெரியம்மாளுக்கு வலது கை மாதிரி, முதல் நாளிலிருந்து கூட இருக்கிறவள். அந்தக் கன்றுகள் கொஞ்ச நாளில் விற்றுத் தீர்ந்தன. சுபான் பாயும் தன் நிலத்துக்கு வாங்கிப் போனார்.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. இட்லிக்கடைக்காரி தப்புச் செய்தால் தின்கிறவன் அங்கேயே முகத்தைச் சுளிப்பான். மாங்கன்றில் தப்பு நடந்தால் நாலைந்து வருஷம் பச்சைப் பசேலென்று வளர்ந்து நிற்கும். வாங்கினவனும் அதற்கு ஆசையாசையாகத் தண்ணீர் ஊற்றுவான்.

எண்பத்தாறில் சுபான் பாய் தன் மரத்தில் காய்த்த ஒரே பிஞ்சுக் காயைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மல்கோவா என்றால் பந்துபோல உருண்டிருக்கும். இது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வளைந்து நீண்டிருந்தது. பார்த்ததும் பெரியம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஜலதோஷம் பிடித்த அந்த நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது.

"என்னக்கா, நீட்டமா இருக்குதே?"

"இளமரம்ங்க பாய். தலைக்காய் அப்படித்தான் இருக்கும். அடுத்த வருசம் பாருங்க, உருண்டு வரும்."

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் சொன்னது ஒன்று, தெரிந்தே சொன்னது ஒன்று, ஆக இரண்டாகிவிட்டதே என்று மனசு அரித்தது. பிறகு லாரி வந்தது, கன்று போனது, வேலை அதை மூடிவிட்டது. மூடினாலும் சுபான் பாய் மாதிரி யாராவது தொப்பி போட்டுக்கொண்டு சாலையில் வந்தால், பம்புசெட்டுப் பக்கம் வேலை இருப்பதுபோல நடந்துவிடுவாள்.

மறு வருஷம் மாம்பழக் காலத்தில் தர்மபுரி மாதர் சங்கத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. மாவட்டத்தின் சாதனைப் பெண்கள் மூன்று பேருக்குப் பாராட்டு. மருத்துவத்தில் டாக்டர் தெரசா. விஞ்ஞானத்தில், பட்டுப்புழு நோயை ஆராய்ந்து பட்டம் வாங்கிய வஹிதா. தொழிலில் பெரியம்மாள். எழுத்துக் கூட்டித் தன் பெயரைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் காட்டினாள். பஸ் கண்டக்டருக்குக்கூடக் காட்டினாள்.

"டாக்டரு, விஞ்ஞானி, அப்புறம் நானு. மூணு நாற்காலிதான் மேடையில!"

விழாவுக்கு முந்தின நாள் சுபான் பாய் வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு பழத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அறுங்கக்கா."

அறுத்தாள். கத்தியில் நார் நாராகச் சுற்றிக்கொண்டது. புளிப்பு வாடை நாக்கைக் கூச வைத்தது. அன்றைக்கு மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

"தலைப்பழம் பொண்ணு வூட்டுக்குத்தான் போவணும்னு, நான் ஒன்னுகூட தின்னு பாக்காம வாணியம்பாடிக்கு ரெண்டு கூடை அனுப்பினேன்க்கா. சம்பந்தி சொல்லியனுப்பறாரு, 'ஊறுகாய்க்கு மாங்கா வந்துச்சு, உப்பும் மொளகாத்தூளும் எந்த பஸ்ஸுல வருது'ன்னு. எம்பொண்ணுகிட்டயே கேக்கறாங்களாம்."

பெரியம்மாள் கத்தியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க மேல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார் அவரே. "உங்க மூக்கு தப்பு பண்ணாது. குச்சி கட்டுனாளே கண்ணம்மா, அவதான் வேற குச்சியை மாத்திக் கட்டியிருப்பா. வூட்டுலயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

கொட்டகைக்கு வெளியே கண்ணம்மாள் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளிக்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்திலேயே கொடியில் நாளைக்குக் கட்ட வேண்டிய பட்டுப்புடவை தொங்கிக்கொண்டிருந்தது.

"விசாரிக்கறேன் பாய்" என்றாள்.

"விசாரிச்சு என்னாவப் போவுது? நாளைக்கு மத்தியானம் கோடாலிக்காரங்க வர்றாங்க. வேரோட சாய்ச்சிட்டு கொள்ளு வெதைச்சிக்கறேன்."

அவர் போனதும் கண்ணம்மாள் உள்ளே வந்தாள்.  "பொடவைக்கு இஸ்திரிப் பொட்டி போட்டு வெக்கட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். பெரியம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மேடையில் மாலை, பன்னீர், மைக். டாக்டர் தெரசா பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஊரில் பாதிப் பிள்ளைகளை இந்த உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவர். அவர் குனிந்து சிரித்தபடி சொன்னார்:

"எங்க வீட்டு வாசல்லயும் உங்க மரம்தான்ம்மா நிக்குது. எண்பத்திரண்டு பஞ்சத்துல வாங்கினேன். மல்கோவா. இன்னும் காய்க்கல. நானும் தினமும் பார்க்கறேன்."

பெரியம்மாளுக்குப் பட்டுப்புடவைக்குள் வேர்த்துக் கொட்டியது. பிறக்கிற உயிரைக் கையில் ஏந்துகிறவர் தெரசா. நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொல்கிறவர் வஹிதா. இவர்களுக்கு நடுவில் நாம் எந்த யோக்கியதையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. யோக்கியதை இல்லாமலா கூப்பிட்டார்கள்? இருந்தது. அதைத்தானே ஒரு ஜலதோஷத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு தாம்பாளத்தை நீட்டினார்கள். அதில் மாவிலைகள்.

"அம்மாவோட புகழ்பெற்ற வித்தையை இப்ப எல்லாரும் பார்க்கலாம்!"

ஒரு இலையைக் கசக்கினாள். நீலம். சந்தேகமே இல்லாத நீலம். நாக்கு அதைச் சொல்ல மறுத்தது. மைக்கைப் பிடித்தாள்.

"என் மூக்கை நம்பாதீங்க" என்றாள். "அது பொய் சொல்லியிருக்குது. பழத்தைத் தின்னு பாத்துட்டு நம்புங்க."

 மண்டபமே சிரித்தது. கை தட்டல் அடங்கவில்லை. "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க!" என்றார் தலைவி. பொன்னாடை தோளில் விழுந்தது. வாழ்நாளில் அவள் எத்தனையோ கை தட்டல் கேட்டிருக்கிறாள். இதுமாதிரி கன்னத்தில் விழுந்தது கிடையாது.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பஸ் ஏறினாள். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்கவே இல்லை. தோட்டம் வந்ததும் விசில் ஊதி, "பெரியம்மா தோட்டம்!" என்றார். அவள் இறங்காமல் ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"கண்ணம்மா! கத்தியையும் ரம்பத்தையும் எடுத்துக்கிட்டு ஏறுடி!"

சுபான் பாய் தோட்டத்தில் ஒரு மரம் ஏற்கனவே சாய்ந்து கிடந்தது. வேர் ஈரமாக இருந்தது. அடுத்த மரத்துக்குக் கோடாலியை ஓங்கியவர்கள், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி வந்த பட்டுப்புடவைக்காரியைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள்.

"பாய், வெட்ட வேணாம். தப்பு கண்ணம்மாளுது இல்ல. அன்னிக்கு எனக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு. ஒரு வாசமும் தெரியல. தெரியாமயே மல்கோவான்னு சொன்னேன்."

சுபான் பாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "போன வருசம் காயைக் கொண்டாந்து காட்டினேனேக்கா?"

"அப்பவே தெரியும்ங்க."

அவர் அவளைப் பார்க்காமல், சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கண்ணம்மாள் பக்கம் திரும்பி, "உன் பேரை எங்க வூட்டுல கெடுத்துட்டேன்ம்மா. மன்னிச்சுக்க" என்றார். 

கண்ணம்மாள் ரம்பத்தைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "அன்னிக்கு உனக்கு மூக்கு ஒழுகுனது எனக்குத் தெரியும்க்கா. முந்தானையில தொடச்சிக்கிட்டே இருந்தியே."

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? 'எம்மூக்குக்கு நீ வைத்தியம் பாக்கறியா'ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டிருப்ப."

கோடாலிக்காரன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். பெரியம்மாளுக்கே தெரியும். அப்படித்தான் கேட்டிருப்பாள்.

பொன்னாடையை ஒரு கிளையில் மாட்டிவிட்டு மரத்தடிக்குப் போனாள். "வேரு நல்ல வேரு பாய். தலைதான் தப்பு. இடுப்பு உசரத்துல அறுத்து வுடறேன். புதுத் தளிர் வரும். அதுல நெசமான மல்கோவாவ ஒட்டுக் கட்டித் தர்றேன். எங்க தாய்மரம் இப்ப பழுத்து நிக்குது."

"அது மல்கோவான்னு யார் சொல்றது?" என்றார் அவர். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் தலை குனிந்தது. "நீங்க வந்து பழத்தைத் தின்னு பாருங்க. சம்பந்தியவும் கூட்டியாங்க. அப்புறம் உங்க கையாலயே குச்சியை வெட்டிக் குடுங்க. நான் கட்ட மட்டும் செய்யறேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. கோடாலிக்காரர்களைப் பார்த்து, போங்கள் என்று கையை மட்டும் அசைத்தார்.

பட்டுப்புடவையோடு மண்ணில் முழங்கால் போட்டு, கண்ணம்மாள் ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாக ரம்பத்தை இழுத்தார்கள். முதல் தலை விழுந்தது. கசங்கிய இலையின் வாசம் குப்பென்று வந்தது. நாட்டு மாங்காயின் காட்டமான, தெளிவான வாசம். மூக்கு அடைக்காத சின்னக் குழந்தைகூட அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கும்.

"அடுத்தது எதுக்கா?" என்றாள் கண்ணம்மாள்.

"இந்த வரிசை முடியட்டும். நாளைக்கு தர்மபுரி போவணும்." பெரியம்மாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டரம்மா வூட்டு வாசல்ல ஒன்னு நிக்குது. அந்தம்மா தெனமும் அதைப் பாக்கறாங்களாம்."