டோ பாரில் வெட்டிய பெயர்

எங்கள் யார்டின் சாமான்கள் திருட்டுப்போனதெல்லாம் பட்டப்பகலில், ஊரே கூடி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான். பள்ளத்தில் இறங்கிய லாரியை இழுக்க எங்கள் ரெக்கவரி வண்டி போனால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, கூட்டம் சேர்ந்துவிடும். செயின் பிடிக்க ஒருவர், டயருக்குக் கல் வைக்க ஒருவர், யோசனை சொல்ல மீதிப்பேர். லாரி ரோட்டில் ஏறியதும் கைதட்டுவார்கள். வண்டி யார்டுக்குத் திரும்பியபின் பார்த்தால் ஒரு ஷேக்கிள் குறையும். ஷேக்கிள் என்பது செயினை வண்டியோடு பிணைக்கிற, குறுக்கே ஆணி போட்ட இரும்பு வளையம். வேட்டி மடிப்பில் சத்தமில்லாமல் போய்விடும். யார் அதிகமாக உதவி செய்தாரோ அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவே ரொம்ப நாளாயிற்று.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்து யார்டுக்குக் கணக்கு எழுதத்தான் சேவுகம்பட்டியிலிருந்து வந்தேன். கொஞ்ச நாளிலேயே போன் எடுப்பது, வண்டி அனுப்புவது, முதலாளியின் கோபத்துக்குத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் என் தலையில் விழுந்தன. போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், சாமானைத் திருட்டுப்போகாமல் எப்படிக் காப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பூட்டு

முதலாளிக்குத் தோன்றிய வழி பூட்டு. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு வேறென்ன தோன்றும்? ஆள் கையளவு பூட்டாக வாங்கி வந்தார். செயின், ஷேக்கிள், கொக்கி, ஜாக்கிகள், டோ பார் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போயின. டோ பார் என்றால், ஓடாத வண்டியை முன்வண்டியோடு கோத்து இழுக்கிற கனத்த இரும்புத் தண்டு. பெட்டியின் சாவி அவர் இடுப்பில்.

அடுத்த வாரமே குஜிலியம்பாறை ரோட்டில் வைக்கோல் லாரி ஒன்று வாய்க்காலில் சரிந்தது. வண்டி தயார், டிரைவர் தயார். முதலாளி ஒரு காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார், போன் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பாயசம் குடித்து முடித்துப் போனை எடுப்பதற்குள் வேறொரு யார்டின் வண்டி வந்து லாரியை இழுத்துவிட்டுப் போய்விட்டது. திருடனிடமிருந்து காப்பாற்றினோமோ இல்லையோ, எங்களிடமிருந்து நன்றாகவே காப்பாற்றிவிட்டோம். அதற்குப் பிறகுதான் இரண்டாவது சாவி டிரைவர் அருளானந்தத்தின் கைக்கு வந்தது.

அருளானந்தம் அதிர்ந்து பேசாத மனிதர். லாரிக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தால்கூட வேண்டாம் என்பார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் பூட்டிய பின்பும் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும்.

யாரு கல்யாணத்துக்கு?

பூட்டு யார்டோடு சரி. ரோட்டில் ஷேக்கிள் போவது நிற்கவில்லை. ஒருநாள் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எவர்சில்வர் குடம் வாங்கப் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே பெயர் வெட்டுகிறவர் மிஷினைக் கிர்ரென்று ஓட்டி, என் பெயரைக் குடத்தின் கழுத்தில் வெட்டிக் கொடுத்தார். பெயர் வெட்டிய குடத்தை அடுத்த வீட்டுக்காரி இரவல் வாங்கினாலும் திருப்பித் தந்துதானே ஆக வேண்டும்? இரும்புக்கு மட்டும் ஏன் பெயர் கூடாது என்று அங்கேயே தோன்றியது.

மறுநாள் ஒரு கூடை ஷேக்கிளோடு போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே வழக்கம்போல, "யாரு கல்யாணத்துக்குக்கா?" என்றார். கூடையைப் பார்த்ததும் ஊசி முறிந்துவிடும் என்று மறுத்தார். முறிகிற ஊசிக்கெல்லாம் நான் பொறுப்பு என்றபின் யார்டுக்கே மிஷினோடு வந்தார். எங்கள் யார்டின் பெயர், போன் நம்பர், கீழே 'வேறு இடத்தில் கண்டால் கூப்பிடவும்' என்ற ஒரு வரி. டோ பாரில் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பெரிதாகவே வெட்டச் சொன்னேன். போகும்போது, "அன்பளிப்புன்னு போடாம வெட்டுறது இதுதாங்க்கா மொத தடவ" என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய இரும்புக் கடைக்காரர்கள் பெயர் வெட்டிய சாமானைக் கையால் தொடுவதில்லை. ஷேக்கிள் காணாமல் போவது மெல்ல மெல்ல நின்றது.

பூட்டு உடையவில்லை

ஒரு திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தால் டோ பாரைக் காணோம். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சாவி இரண்டே பேரிடம்தான். முதலாளி யார்டின் நடுவில் நின்றுகொண்டு, மெக்கானிக்குகள், டீ கொண்டுவந்த பெண், பில் கட்ட வந்த லாரிக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பூட்டு ஒடையல. அப்ப சாவி வச்சிருக்கவன்தான் எடுத்திருக்கான். அருளானந்தம், நீ இனி வேலைக்கு வர வேணாம்."

"இன்னொரு சாவி உங்க இடுப்புலயும் இருக்கே சார்" என்றேன். என்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார் போலப் பார்த்தார். அருளானந்தம் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினார். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டிய மனிதர், பஸ் ஏற நடந்து போவதை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். திருடன் என்ற பெயரோடு இந்த ஊரில் வேறு எந்த யார்டு அவருக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்கும்?

வியாழக்கிழமை ஒரு போன். பாலசமுத்திரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்.

"ஏனுங்க, உங்க டோ பார் ஒண்ணு எங்க பட்டறைல கெடக்குதுங்க. கண்டா கூப்பிடச் சொல்லி வெட்டியிருக்குது, அதான் கூப்பிட்டேனுங்க."

முதலாளி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, யார் கொண்டு வந்தது என்று கேட்டேன். ரிப்பேரான டிராக்டரை இதில் கோத்து இழுத்து வந்ததாகவும், வந்தவர் தங்கவேல் என்றும் சொன்னார். தங்கவேல் வேறு யாருமில்லை, முதலாளி மனைவியின் தம்பி.

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் ஜாக்கி கேட்டிருக்கிறார். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டு, ஜாக்கிதானே என்று அதோடு மறந்தும்விட்டார். அவர் ஜாக்கியோடு டோ பாரையும் ஏற்றிக்கொண்டு, பெட்டியை ஒழுங்காகப் பூட்டிச் சாவியைத் திருப்பித் தந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

முதலாளி அருளானந்தத்துக்குப் போன் போடச் சொன்னார். போட மாட்டேன், நேரில் வாருங்கள் என்றேன். என்னோடு கிளம்பி வந்தார். அருளானந்தத்தின் மனைவி மரியம்மாள் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். முதலாளி தயங்கித் தயங்கி, டோ பார் கிடைத்துவிட்டது என்றார்.

"சாமான் கெடச்சுருச்சுன்னு சொல்ல வந்தீகளா, எங்க வீட்டு ஆளு எடுக்கலன்னு சொல்ல வந்தீகளா?"

"எடுக்கலன்னு சொல்லத்தாம்மா வந்தேன்" என்றார் முதலாளி, சன்னமான குரலில்.

"அன்னைக்கு யார்டு முழுக்கக் கேட்டுச்சாம்ல. இன்னைக்கு இந்தத் தெருவுக்காச்சும் கேக்கட்டும்."

முதலாளி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் தெருவில் இறங்கி நின்று, அருளானந்தம் எடுக்கவில்லை, தப்பு என்மேல்தான் என்று உரக்கச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குழாயடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரியம்மாள் அதற்குப் பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டார். மறுநாள் அருளானந்தம் வேலைக்கு வந்தார், முதலாளி தானே எழுந்துபோய்ச் சாவியைக் கொடுத்தார்.

ஆகவே தம்பிகளே, சாமானில் பெயரை வெட்டுங்கள். ஸ்பாட்டை விட்டுக் கிளம்பும்முன் எண்ணிப் பாருங்கள். பூட்டுங்கள், சாவி வேலை செய்கிறவர் கையில் இருக்கட்டும். காணாமல் போனால் தாராளமாகக் கத்துங்கள், ஆனால் ஆள் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள். சொன்ன பெயரைத் திரும்ப எடுக்க அதே அளவு சத்தம் வேண்டும், அந்தச் சத்தம் எல்லோருக்கும் வருவதில்லை.