மாமனாரின் வாய்ப்புண்

மிளகாயே கிள்ளிப் போடாத ரசம் அது. ஒரு வாய் வைத்ததுமே மாமனார் முகத்தைச் சுளித்து, "எரியறதும்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி மாடுங்காவுக்கு வந்து பதினொரு மாதம். கடைசி மூன்று மாதமாக இதே கதை. சாம்பார் எரிகிறது, துவையல் எரிகிறது, காப்பி எரிகிறது. இனி வெந்நீரைத்தான் தாளித்துக் கொட்ட வேண்டும்!

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். ஒரு கூடம், ஒரு சமையலறை, அதற்குள் நாங்கள் மூன்று பேர். மாமனார் ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். நாங்கள் எழுவதற்கு முன்பே குளியலறையைத் தாழிட்டுக்கொள்வார். விபூதியும் இஸ்திரி கலையாத சட்டையுமாகத்தான் எங்கள் கண்ணில் படுவார். நாக்கு வழிக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். வழிக்கிற தகட்டில் சில நாள் ரத்தம் தெரியும். கேட்டால், "உடம்புச் சூடும்மா" என்பார். எங்கள் ஜனங்களுக்கு வாயில் எது வந்தாலும் சூடுதானே! மோர், இளநீர், மணத்தக்காளிக் கீரை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், எதற்கும் கேட்கவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுத் துளை போட்டுக்கொண்டார். நானோ, என் சமையலை அவமானப்படுத்தவென்றே பட்டினி கிடக்கிறார் என்று நினைத்தேன். கணவரிடம் புலம்பினால், "அப்பா சுபாவமே அப்படித்தான், நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை மாமனார் ஸ்டேஷன் படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். யாரோ டாக்ஸியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கீழ்த்தளத்து டாக்டர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தவர், "பல் செட்டைக் கழட்டுங்கோ" என்றார். பல் செட்டா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் என்னைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். டாக்டர் என்னைச் சமையலறைக்கு அனுப்பினார். அங்கிருந்தே எல்லாம் காதில் விழுந்தது.

"நாக்கு, அண்ணம் பூரா திரிஞ்ச பால் மாதிரி படிஞ்சிருக்கே. இது சூடும் இல்லை, அழுக்கும் இல்லை, பூஞ்சை. சுரண்டினா ரத்தம்தான் வரும். ராத்திரியும் செட்டைப் போட்டுண்டே தூங்கினா அதுக்கடியில வளராம என்ன செய்யும்? எத்தனை நாளா கழட்டலை?"

மாமனார், "இந்தப் பொண்ணு நம்மாத்துக்கு வந்ததுலேருந்து" என்றார்.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெற்ற பிள்ளை, என் கணவருக்குப் பல் செட் விஷயம் தெரியும். என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை!

டாக்டர் ஊதா மருந்து கொடுத்தார். அதை வாய்க்குள் தடவ வேண்டும். செட்டைத் தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து, ராத்திரி கழட்டித் தண்ணீரில் போட வேண்டும். சர்க்கரை வியாதி இருந்தாலும் இப்படி வருமாம். சோதித்ததில் அது இல்லை. மாமனார் மருந்தை ஒழுங்காகத் தடவிக்கொண்டார். செட்டை மட்டும் கழட்டவில்லை. பத்தே நாளில் வெள்ளை மறுபடி படர்ந்தது. மோர் சாதம்கூட இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மூடி போட்ட டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அப்பா, பல்லு இல்லாதவாளை நான் பார்த்ததே இல்லையா? இப்படியே பட்டினி கிடந்து உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? கழட்டுங்கோ." கணவர் பதறினார். "நீங்க சும்மா இருங்கோ" என்றேன்.

மாமனார் டப்பாவை வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கழட்டி அதில் போட்டார். மறுபடி என் பக்கம் திரும்பியபோது கன்னம் ஒட்டி, ஊதா உதடுகள் உள்ளே மடிந்து, வேறு யாரோ கிழவர் போலிருந்தார். டப்பாவை வாங்கக் கை நீட்டினேன். "நீ தேய்க்க வேண்டாம்மா, நானே தேய்ச்சுக்கறேன்" என்று குழாயடிக்குப் போனார். மூன்று வாரத்தில் புண் ஆறியது.

இன்றைக்கு நெருளில் மகன் வீட்டில் என் பல் செட் எல்லார் கண்ணிலும் படத்தான் கிடக்கிறது. யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. ஆனால் எனக்கு அந்தப் பதினொரு மாதத்தை நினைத்தால் இன்னமும் ஆத்திரம்தான் வருகிறது. அவர் மேல், கணவர் மேல், எல்லாரையும்விட என் மேல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே தவிர, "எங்கேப்பா எரியறது?" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.