முருகன் கோழி

அத்தான் சுவிஸிலிருந்து லண்டனுக்கு வந்தவர். அந்தப் பெருமையை ஈஸ்ட் ஹாமில் வெண்டிக்காய் வாங்கும்போதுகூட விடமாட்டார். மலை உச்சி ஹோட்டல் ஒன்றின் குசினியில் இளமையைக் கழித்தவர். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர் கொண்டுவரும் மலைக்கோழிகளின் இறகைப் பிடுங்கிச் சுத்தம் செய்வதும் அவர் வேலை.

அங்கே இரண்டு வகைக் கோழி உண்டு என்பார். முதலில் வருவது சாம்பல் நிறத்தில் புள்ளி விழுந்தது. அதற்குச் சருகுக்கோழி என்று அவராகவே பெயர் வைத்தார். பனி கொட்டத் தொடங்கியபின் வருவது வெள்ளை வெளேரென்று இருக்கும், கால் விரல்வரை இறகு. அவ்வளவு உயரத்தில் வாழும் வெள்ளைக் கோழி வேறு யாருடையது? அது முருகன் கோழி. யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்த என் அக்கா வந்து சேரும்வரை அதை வாயில் வைப்பதில்லை என்று நேர்த்தி வைத்தார். சருகுக்கோழியை மட்டும் ஒரு பிடி பிடித்தார். சில வருடங்களில் அக்கா வந்துவிட்டார். மனோர் பார்க் கோவிலில் இந்தக் கதையைக் கேட்காதவர் குறைவு.

போன மாதம் மூவரும் ஒரு நூதனசாலைக்குப் போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த அந்த இரண்டு கோழிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அத்தான் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"என்ன பேர் போட்டிருக்கு, வாசியும் பாப்பம்," என்றார் என்னிடம்.

வாசித்தேன். இரண்டுக்கும் ஒரே பெயர். என் வாய் சும்மா இருக்குமா?

"அத்தான், ரெண்டும் ஒரே கோழிதான். குளிருக்கு வெள்ளையா மாறுதாம்."

அவர் முகம் செத்துப்போனது. சிரிக்க வந்த நான் அடங்கிவிட்டேன். பக்கத்து வாங்கில் போய் இருந்தார்.

"அப்ப நான் முருகன்ர கோழியைத்தான் வருசா வருசம் திண்டிருக்கிறன். நேர்த்தி அப்பவே முறிஞ்சு போச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது. தனியே கிடந்த அத்தனை வருடங்களையும் அவர் அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கடந்திருந்தார்.

அக்கா பெட்டியை ஆறுதலாகப் பார்த்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் இருந்தார்.

"ரெண்டும் ஒண்டெண்டு முருகனுக்குத் தெரியாதே? தெரிஞ்சுகொண்டுதான் என்னை அனுப்பினவர்."

அத்தான் எழுந்து பெட்டிக்கு முன்னால் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சருகுக்கோழியையும் சேர்த்துக் கும்பிட்டார்.