கறுப்புத் துணிக்குக் கீழே

அந்தக் கறுப்புத் துணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். நோணாங்குப்பத்தில் உப்பங்கழி ஓரமாக ஒரு கொட்டகை. உள்ளே சிமெண்டுத் தொட்டிகளில், ஹோட்டல்களுக்கு விற்கக் கடல் நத்தை வளர்த்தார்கள். வெளிச்சம் பட்டால் நத்தைகள் மேயாது என்பதால், சாயங்காலம் தீனி போட்டுத் தொட்டிகளைத் துணியால் மூடிவிடுவோம். காலையில் முதல் வேலை அதைத் தூக்கிப் பார்ப்பது. உள்ளே உயிரோடு இருக்கின்றனவா, செத்துக் கிடக்கின்றனவா என்று தெரியாமல் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் இருக்கிறதே, அப்பப்பா! நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. பாதி நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் தூக்குவேன்.

என்னோடு வேலை பார்த்த அக்காவுக்கு அந்தப் பயமே கிடையாது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். சட்டென்று துணியை விலக்கி, ஒரு நத்தையின் ஓட்டை விரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பார். சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தொட்டதும் கையோடு வந்துவிட்டால் போச்சு. அக்காவும் வீட்டுக்காரரும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். மில்லை மூடிய பிறகு அவர் வீட்டோடு முடங்கிவிட, அக்கா இங்கே வந்தார். அக்கா வீட்டில் அடுப்பெரிந்தது இந்த நத்தைகளால்தான். "மில்லு கேட்டுல பூட்டு தொங்கறத ஒரு தடவ பாத்துட்டேன். இன்னொரு பூட்ட என்னால பாக்க முடியாது புள்ள" என்பார்.

அப்படியிருக்கையில், வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்த உருண்டைத் தீனி ஒருநாள் நின்றுபோயிற்று. பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பிய முதலாளியை நாங்கள் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி முசியே என்போம். அவர் முகம் வெளுத்துப்போய் வந்து நின்றார். "கடல்பாசி போட்டுப் பாப்போம். திங்கலைன்னா மூடிட வேண்டியதுதான்" என்றார். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

டவுன் கடற்கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களில் முட்டைக்கோஸ் இலை மாதிரி பச்சைப் பாசி படர்ந்திருக்கும். அலை பின்வாங்கும்போது இறங்கிச் சுரண்டி, அடுத்த அலை வருவதற்குள் ஏறிவிட வேண்டும். எனக்குக் கால் வழுக்குமோ என்று ஒரு பயம், பக்கத்தில் கலக்கும் சாக்கடையின் விஷம் பாசியில் ஏறியிருக்குமோ என்று இன்னொரு பயம். அதைச் சொன்னேன். அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்று முழுங்கிவிட்டார்!

"அய்யோ அக்கா, என்னா பண்றீங்க!"

"எம் புள்ளைக்கு ஊட்டறதுக்கு முன்ன நான் தின்னு பாக்கல? நமக்கு ஒத்துக்கினா அதுக்கும் ஒத்துக்கும்."

நத்தை என்ன பிள்ளையா? அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வாந்தி வந்தா நானே சொல்றேன், மொதல்ல நீ மூஞ்சிய மாத்து" என்று அதட்டினார்.

அன்று சாயங்காலம் தொட்டிகளில் போட்ட பாசி மறுநாள் போட்டபடி கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. சாயங்காலம் முசியே வந்து, காலையில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலையில் அக்கா சட்டென்று துணியை விலக்கவில்லை. துணியைப் பிடித்த கை, தூக்க வரவில்லை. "நீயும் பிடி புள்ள" என்றார். இருவருமாகத் தூக்கினோம். நத்தைகள் தண்ணீரை விட்டுத் தொட்டி விளிம்பு வரை ஏறிக் கிடந்தன. செத்துவிட்டன என்று நான் அலறியே விட்டேன். அக்கா விரலால் ஒன்றைத் தள்ளினார். வரவில்லை. இன்னொன்றைத் தள்ளினார். அதுவும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு பாசி இலையை எடுத்தார். ஓரமெல்லாம் கடித்து அரித்திருந்தது.

"தின்னுட்டுதுங்க புள்ள" என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அத்தனை பயத்தையும் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, மகராசி.

கொட்டகை பிறகும் பல வருடம் ஓடியது. நான் கல்யாணமாகி ஊர் மாறிவிட்டேன். போன மாதம் அக்காவை டவுனை ஒட்டிய கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். வார்டில் கடைசிக் கட்டில். தலையிலிருந்து கால்வரை போர்வை மூடியிருந்தது. பக்கத்தில் யாருமில்லை.  போர்வையின் ஓரத்தைப் பிடித்தேன், தூக்க முடியவில்லை. தொட்டித் துணியைக் கூடப் பிடிக்க அன்றைக்கு அக்கா இருந்தார்.

கடைசியில், போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கையை ஒரு விரலால் லேசாகத் தள்ளினேன். அந்தக் கை என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"என்னாடி, தள்ளிப் பாக்குறியா?" என்றது போர்வைக்குள்ளிருந்து குரல். "கொசுவுக்கு மூடிக்கினேன். இன்னும் ஒட்டிக்கினுதான் இருக்கேன், போ."