நட்சத்திரத்தின் ஈ.சி.ஜி.

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரு டிப்ளமோ. அதோடு என் படிப்பு முடிந்தது. இருபது வருடமாக, "கையைத் தளர்த்தி அமைதியா படுங்க" என்று சொல்லி, மார்பில் வயர்களை ஒட்டி, வருகிற தாளைக் கிழித்து டாக்டரிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கோ இருக்கிற கிரகத்துக்கும் எனக்கும் சம்பந்தம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தச் சம்பந்தம் ஒரு நோயாளி வழியாக வந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். படபடப்பு என்று வந்தவருக்கு, ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவியை மாட்டி அனுப்பினேன். மறுநாள் அவர் அதைக் கழற்ற வந்தபோது, அவருடைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, ஒழுங்கு தப்பிய துடிப்புகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிக்கா இவ்ளோ வேகமா கண்டுபிடிக்கிறீங்க?"

"பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு மேடம். ஒழுங்கா போறதைக் கண்ணு விட்டுடும். தப்பினா நின்னுடும்."

"இதே வேலையைத்தான் நாங்க நட்சத்திரத்துக்குப் பண்றோம்" என்றார்.

விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி ஒன்று, நாள்கணக்காக ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை அளந்துகொண்டே இருக்குமாம். நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கிரகம் கடந்தால் வெளிச்சம் துளி குறையும். வரைபடக் கோட்டில் சின்னப் பள்ளம் விழும். அந்தக் கோடுகளை யார் வேண்டுமானாலும் பார்த்துக் குறிக்கலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். முகவரியை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் அது பழக்கமாகிவிட்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற என் கணவர் கேட்டார்:

"கிரகம் கிடைச்சா என்ன பண்ணுவாங்க?"

"உயிர் இருக்கான்னு பார்ப்பாங்களாம்."

"அவ்ளோ தூரத்துல இருக்கறதை எப்படிப் பார்ப்பாங்க?"

பேராசிரியைக்கே போன் போட்டுக் கேட்டேன். "பக்கத்து வீட்டுக்குள்ள போகாமலே இன்னைக்கு அங்க மீன் கொழம்புன்னு சொல்றோம்ல, அப்படித்தான்க்கா. நட்சத்திர வெளிச்சம் அந்தக் கிரகத்தோட காத்துல பூந்து வரும். எந்தெந்த நிறம் குறைஞ்சு வருதுன்னு பார்த்தா, அந்தக் காத்துல நீராவி இருக்கா, வேற என்ன வாயு இருக்குன்னு பெரிய தொலைநோக்கி சொல்லிடும்" என்றார். நான் சொன்னதைக் கேட்டுக் கணவர், "அப்போ மூக்கு வச்ச தொலைநோக்கின்னு சொல்லு" என்றார்.

சில மாதம் கழித்து, பேராசிரியை தன் மாணவர்கள் இருந்த வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்தார். ஒருநாள் அதில் ஒரே கொண்டாட்டம். அவர்கள் கவனித்துவந்த ஒரு நட்சத்திரத்தின் கோட்டில் சீராகப் பள்ளம் விழுகிறது. பூமி அளவு கிரகம், தண்ணீர் உறையாமல், ஆவியாகாமல் தண்ணீராகவே இருக்கக்கூடிய தூரம். "அக்கா, நம்ம பூமி மாதிரியே!" என்று பேராசிரியை எனக்குத் தனியாகவும் அந்த வரைபடத்தை அனுப்பினார்.

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பள்ளம் ஆழம், அடுத்தது கொஞ்சம் மேலோட்டம். மறுபடி ஆழம், மறுபடி மேலோட்டம்.

இப்படி ஒன்று விட்டு ஒன்று மாறுவதை முன்பே பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவரின் ஈ.சி.ஜி.யில் துடிப்புகள் ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக வந்தன. தயங்கித் தயங்கி டாக்டரிடம் காட்டினேன். உன் வேலையைப் பார் என்று அவர் சொல்லவில்லை. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது, எடுத்துக் காப்பாற்றினார்கள். "தோணுறதைச் சொல்லிடுங்க, சரியா தப்பான்னு நான் பார்த்துக்கறேன்" என்றார் அந்த டாக்டர். அந்த வார்த்தைக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

அப்படியும் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு குரல் பதிவு அனுப்பினேன். "மேடம், தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு ஆழம் மாறுது. ஒரே கிரகம் திரும்பத் திரும்ப வந்தா ஒரே ஆழம்தானே விழணும்?"

நாலு நாள் பதில் இல்லை. அத்தனை பேர் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது.

"கிரகம் இல்லக்கா. பின்னாடி மங்கலா ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு சுத்துது. பெருசு மறைஞ்சா ஒரு ஆழம், சின்னது மறைஞ்சா ஒரு ஆழம். அந்த வெளிச்சம் நம்ம நட்சத்திரத்தோட கலந்து வந்திருக்கு. முதல்ல அழுதுட்டேன். ஆனா நீங்க சொல்லலைன்னா இன்னும் மாசக்கணக்கா இது பின்னாடியே ஓடியிருப்போம். எங்க கிளாஸுக்கு வந்து பேசுறீங்களா?"

என் வாழ்க்கையில் கல்லூரி வகுப்புக்குள் போனது அன்றுதான். சிதம்பரத்துக்கு ரயிலில் போனேன். நோயாளிகளுடையதைக் காட்டக்கூடாது என்பதால் என் ஈ.சி.ஜி.யையே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முதல் ஐந்து நிமிடம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தேன். தாளைப் பலகையில் ஒட்டி, "இது நான்தான்" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சரளமாகிவிட்டது.

ஒரு மாணவி கேட்டாள்: "கிரகம் இல்லைன்னதும் உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"ஜாஸ்தியாவே இருந்துச்சு. அங்க யாராச்சும் இருப்பாங்கன்னு நானும் நம்பிட்டேன். அவுங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டான்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்."

மதியம் பேராசிரியை வீட்டில் சாப்பிட்டோம். பஸ் நிலையம் வரை கூடவே நடந்து வந்தார். கண்டுபிடித்ததைத் தொலைநோக்கியின் ஆராய்ச்சிக் குழுவுக்கு எழுதி அனுப்பப்போவதாகவும், யார் கவனித்தது என்று குறிப்பிடவேண்டும் என்றும் சொன்னார்.

"உங்க இனிஷியல் என்னக்கா? எப்படி எழுதணும்?"

இருபது வருடத்தில் நான் எடுத்த எந்தத் தாளிலும் என் பெயர் இருந்ததில்லை; அதைக் குறையாக நினைத்ததும் இல்லை. கடலூர் பஸ் கிளம்பப் போகிறது என்று அதன் கண்டக்டர் குரல் கொடுத்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பேராசிரியை நீட்டிய நோட்டில் இனிஷியலோடு என் பெயரை நானே எழுதிக் கொடுத்துவிட்டு ஏறினேன்.