பிக்கப்பின் புகையும் என் கைப்பக்குவமும்

போன கிழமை எங்கள் சின்னக் காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். கைப்பையில் வாகனப் புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கணினிக்கு முன்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடதாசியை நீட்டினார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு கெஞ்சல் இல்லை, ஒரு வாக்குவாதம் இல்லை, யாருடைய சட்டையிலும் கரி இல்லை. இதெல்லாம் ஒரு பரிசோதனையா? அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வரிசையில் ஒரு பழைய லொறி உறுமி, குப்பென்று டீசல் புகை விட்டது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ தயிர் நினைவு வந்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

கலியாணம் கட்டிய புதிதில் நாங்கள் பழுகாமத்தில் தயிர் வியாபாரம் செய்தோம். பெரிய வியாபாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் எருமைப்பால் வாங்கி, நான் விறகடுப்பில் காய்ச்சி, மண்முட்டிகளில் உறைய வைப்பேன். என் வீட்டுக்காரர் விடிய எழும்பி, பிக்கப்பின் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி, முட்டிகளை அடுக்கி, டவுனுக்கும் செங்கலடிக்கும் கொண்டுபோவார். அவருக்குத் தயிர் ஒரு சாட்டு. பிக்கப் ஓட்டத்தான் ஆசை.

அந்தப் பிக்கப் பிறக்கும்போது இருந்த எஞ்சின் எப்போதோ செத்துப்போயிருந்தது. டவுனில் கராஜ் வைத்திருந்த அவருடைய சிநேகிதர் சில்வெஸ்டர் அண்ணன் ஒரு லொறி எஞ்சினை அதற்குள் இறக்கியிருந்தார். ஆட்டுக்குட்டிக்கு மாட்டு இருதயம் வைத்த மாதிரி. சில்வெஸ்டர் அண்ணன் ஞாயிறு பூசைக்குப் போகும்போது மட்டும் கை கழுவுகிற மனிதர். மாரியில் எங்கள் பக்கம் தெரு எது, வாவி எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும். வெள்ளத்தில் எஞ்சின் தண்ணீர் குடித்துவிடக் கூடாது என்று, புகைக்குழாயை அடியிலிருந்து எடுத்து, முன்பக்கக் கபினுக்குப் பின்னால் நேரே மேலே ஏற்றிவிட்டார்கள். குழாய்க்கிணறு அடித்து மிஞ்சிய இரும்புக் குழாய் அது. தூரத்தில் பார்த்தால் ஓர் அரிசி ஆலை நடந்து வருவது போல இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அதில் அவ்வளவு பெருமை.

பிக்கப்பின் வரிப்பத்திரம் புதுப்பிக்க அந்த வருடம்தான் முதல் முறையாகப் புகைச் சான்று கேட்டார்கள். அதைக் கடைசிக் கிழமைவரை மறந்துபோனார். திங்களோடு பத்திரம் முடிகிறது. பத்திரம் இல்லாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும். ஓடாமல் விட்டால் பால் காத்திருக்காது. எருமையிடம் போய் இரண்டு நாள் பொறு என்று சொல்லவும் முடியாது. ஒரு கிழமை நாங்கள் போகாவிட்டால் செங்கலடிக் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள், எங்களுக்கு வேறு வருமானமும் கிடையாது.

புதன்கிழமை நானும் கூடப் போனேன். பரிசோதகர் மடிப்புக் குலையாத வெளிர்நீலச் சட்டை போட்டிருந்தார். அளக்கும் குழலைக் கையில் பிடித்தபடி பிக்கப்பை இரண்டு தரம் சுற்றி வந்தார்.

"அண்ண, இதுக்குப் புகை எதால வாற?"

இவர் மாமரத்தில் பழம் காட்டுவது போல மேலே காட்டினார்.

பரிசோதகர் பின்பெட்டியில் ஏறி, நுனிக்காலில் நின்று, குழலைச் செருகி, "மிதிங்க" என்றார். இவர் மிதித்தார். கொஞ்ச நேரம் மனிதரைக் காணவில்லை. புகை விலகியபோது அவரில் கண்ணும் பல்லும்தான் வெள்ளையாக இருந்தன. சட்டையைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

"இது வாகனம் இல்ல, செங்கல் சூளை" என்றார். கோபப்படாமல் சொன்னதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது. "குழாயக் கீழ இறக்கி, புகையக் குறைச்சுக் கொண்டுவாங்க. இனி நான் இதில ஏற மாட்டன்."

சில்வெஸ்டர் அண்ணன் ஒரு நாள் முழுக்கப் பிக்கப்புக்குக் கீழே படுத்துக் கிடந்தார். குழாயை இறக்கினார், டீசல் பம்பைத் திருத்தினார், எதையெதையோ கழுவினார். "இனி இவன் பீடிகூடக் குடிக்க மாட்டான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. முதல் தரம் சாமிக்குச் சொல்லாமல் போனதுதான் பிழை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அமிர்தகழிக் கோயிலடியில் நிறுத்தி, பிக்கப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, பூக்கடை மனிசியிடம் சிரட்டைத் தணல் வாங்கி, உடைந்த தயிர்முட்டி ஒன்றில் போட்டுச் சாம்பிராணி காட்டினேன். தாராளமாகவே போட்டேன். காட்டி முடிந்த பிறகும் தணல் அணையவில்லை. சாமிக்குக் காட்டியதைத் தெருவில் கொட்ட மனம் வராமல், பின்பெட்டி மூலையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

பரிசோதனை நிலையத்தில் எங்களைக் கண்டதும் பரிசோதகர் இரண்டடி பின்னால் போனார்.

"எஞ்சின நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டித்தானே இரிக்கி" என்றார் இவர்.

"அப்ப பின்னால வாறது என்ன?"

திரும்பிப் பார்த்தால் பின்பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை கோபுரமாக எழும்புகிறது. அதற்குள் யாரோ மணல் வாளியோடு ஓடிவந்து கொட்டியும் விட்டார்கள். நான் இறங்கிப்போய், "தம்பி, அது சாமிக்குக் காட்டின சாம்பிராணி" என்றேன்.

அவர் முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, புகை சோதிக்கிற இடத்துக்கு வீட்டில இருந்து புகை கொண்டுவந்த ஆள் நீங்க மட்டுந்தான்."

இந்தத் தரம் குனிந்தே குழலைச் செருக முடிந்தது. இவர் மிதித்தார், விட்டார், மிதித்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் பரிசோதகர் கடதாசியை நீட்டி, "பாஸ். சாம்பிராணியக் கணக்கில எடுக்கல்ல" என்றார். அன்று டவுனில் எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. திங்கட்கிழமை பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். செங்கலடிச் சந்தியில் எங்களிடம் ஆகக் கூடுதலாக முட்டி எடுக்கிற கடைக்காரர் சாமித்தம்பி அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, பால மாத்திட்டீங்களா?"

"இல்லையே அண்ண."

"அப்ப அடுப்ப? முந்தி உங்கட தயிர்ல நல்ல விறகு மணம் ஒண்டு இரிக்கும். வந்தாறுமூலைக் கம்பஸ்ல படிக்கிற ஆக்கள் அதுக்குத்தான் தேடி வாற. இப்ப அந்த மணத்தக் காணல்ல."

வீட்டுக்கு வந்து விறகை மாற்றினேன். பாலைமர விறகு, புளிய விறகு, தென்னம்மட்டை எல்லாம் வைத்துப் பார்த்தேன். முட்டியைக்கூட அடுப்புப் புகையில் காட்டினேன். சாமித்தம்பி அண்ணன் ஒவ்வொரு முறையும் மோந்து பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். ஒருநாள் பின்னேரம் இவர் காதைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"புள்ள, கோபப்படாத. அது உன்ர விறகு மணம் இல்ல போல. குழாய் மேல இரிக்கக்குள்ள புகையெல்லாம் முட்டிகளுக்கு மேலாலதானே போற."

இரண்டு வருடமாக ஊரே என் கைப்பக்குவம் என்று சொன்னதை, நான் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டிருந்தேன். அவ்வளவும் லொறி எஞ்சினின் பக்குவம். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அன்று அடுப்படியில் இருந்து அழுதேன்.

"திரும்பக் குழாய ஏத்தட்டா? சோதனைக்கு மட்டும் இறக்குவம்" என்று கேட்டார்.

"சனத்துக்குப் புகையத் தின்னக் குடுக்கிறதா?"

"இவ்வளவு நாளும் குடுத்ததுதானே."

"தெரியாமக் குடுத்தம்."

குழாய் கீழேயே இருந்தது. சாமித்தம்பி அண்ணன் முதலில் முட்டியைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். மற்றக் கடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. எந்தச் செங்கலடிக்காகப் பரிசோதனைக்கு ஓடினோமோ, அதே செங்கலடி பரிசோதனையில் பாஸ் பண்ணியதால் போனது.

இப்போது தெருவை உயர்த்திவிட்டார்கள், யாருக்கும் மேலே குழாய் தேவையில்லை. பிக்கப்பை யாரோ மலைநாட்டுப் பக்கத்து ஆள் வாங்கிக்கொண்டு போனார். சில்வெஸ்டர் அண்ணன் கராஜை மூடிவிட்டு, கிழமையில் ஏழு நாளும் சுத்தமான கையோடு இருக்கிறார். கடைகளில் பிளாஸ்டிக் கோப்பைத் தயிர் குளிரூட்டிய வான் வண்டியில் வந்து இறங்குகிறது. இதற்கெல்லாம் எனக்குக் கவலை இல்லை. நானும் வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் என்று நாலு முட்டி உறைய வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன, முன்பெல்லாம் யாராவது "அக்கா, உங்கட தயிர் மாதிரி வராது" என்றால் உடனே முகம் மலரும். இப்போது எட்டிப் பார்த்து, வாசலில் என்ன வாகனம் நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சிரிக்கிறேன்.